மூடுவதற்கு முன் உள்ளே பார்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பிரீமியர் பத்மினி கார் ஒன்றைத் தனியாக எடுத்துப் புதுப்பிக்கத் துணிந்திருக்கிறாய். மட்கார்டின் வளைவும் டிக்கி மூடி உட்கார்ந்திருக்கும் அழகும் தேர்ந்த டிங்கரிங் கையைக் காட்டுகின்றன. ஆனால் கதவுகளுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு பெட்டியின் உட்புறத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தகடுகளை மடித்து, ஸ்பாட் வெல்டிங் வைத்து, பெட்டி பெட்டியாகச் சேர்த்த பாடியே முழு பாரத்தையும் சுமக்கிறது. ரன்னிங் போர்டு, கதவுத் தூண்களின் அடி, எஞ்சினுக்கு இருபுறமும் ஓடும் மெம்பர்கள் எல்லாமே உள்ளே வெற்றிடம். பாடியை முழுதாகத் தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் பிரைமர் பிடிக்கவைக்கும் இன்றைய முறை உலகத் தொழிற்சாலைகளில் மெல்லத்தான் பரவியது. அது இல்லாமல் செய்த வண்டிகளில் இந்த அறைகள் பெரும்பாலும் வெறும் தகடாகவே இருக்கும்.

பகலில் சூடேறும் தகடு இரவில் குளிரும்போது உள்ளே ஈரம் வியர்க்கிறது. இரண்டு தகடு ஒட்டும் மடிப்பில் அந்த ஈரம் காய்வதே இல்லை. கடற்கரை ஊரென்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும். அந்தப் பருமன் வெல்டிங் மடிப்பையே நெம்பித் திறந்துவிடும். வெளியே பெயின்ட் கொப்பளிக்கும் நாளில் உள்தகடு பாதி போயிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய பழைய வண்டி கைக்கு வந்தால் இன்னும் கவனம் வேண்டும். பெட்டிக்குள் தங்கிய வண்டல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

சோதிப்பது எளிது. கதவைச் சாத்தி, சுற்றியுள்ள இடைவெளியைப் பார்த்துக்கொள். ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கு. இடைவெளி மாறினாலோ, கதவு திறக்க அடம்பிடித்தாலோ, ரன்னிங் போர்டு வலுவிழந்துவிட்டது. மேலே புதுத் தகடு ஒட்டி மறைக்காதே. அறுத்துத் திறந்து, உள்ளிருக்கும் தாங்குதகட்டையும் மாற்று.

மூடுவதற்கு முன் உட்புறத்துக்கு எபாக்ஸி பிரைமர் அடி. வெல்டிங் வைக்கும் விளிம்பில் மட்டும் துத்தநாக பிரைமர் போதும். வெல்டிங் சூட்டில் பின்பக்கத்துப் பிரைமர் கருகத்தான் செய்யும். அந்தக் கருகிய இடத்தைப் பிறகு உள்ளே தெளிக்கும் மெழுகுதான் காக்க வேண்டும். ஆகவே மெழுகு தெளிக்கும் நாசில் நுழைய வழி எங்கே என்பதை வெல்டிங்குக்கு முன்பே முடிவு செய். துரு மாற்றும் அமிலத்தை மூடிய பெட்டிக்குள் ஊற்றாதே. கழுவி எடுக்க முடியாத அமிலம் மடிப்பில் தங்கித் தகட்டைத் தின்னும். ஃபோம் அடைப்பதும் வேண்டாம்; அதற்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர் சிறைப்படும்.

மெழுகு கடைசி வேலை. பெயின்ட் முடிந்து, அதை அடுப்பில் காயவைப்பதும் முடிந்து, வெல்டிங் எதுவும் பாக்கியில்லை என்ற பிறகே கையில் எடு. முன்னதாக அடித்தால் பெயின்ட் ஒட்டாது, வெல்டிங் பொறியில் தீப்பிடிக்கும், அடுப்புச் சூட்டில் உருகி ஓடும். டினிட்ரால், வாக்ஸாயில் போன்ற பாடி அறைகளுக்கென்றே செய்த மெழுகை வாங்கு. சர்வீஸ் ஸ்டேஷனில் அடிக்கும் கழிவு ஆயில் இதற்கு மாற்றாகாது. அது சொட்டிப் போகும், புஷ் ரப்பரையும் கெடுக்கும்.

பெட்டிக்குள் கம்ப்ரசர் காற்றை ஊதி, வெயிலில் நிறுத்தி நன்றாகக் காயவிடு. சுற்றிலும் தெளிக்கும் நாசில் பொருத்திய நீளக் குழாயைக் கடைசிவரை உள்ளே விட்டு, அடித்தபடியே மெல்ல வெளியே இழு. முதலில் நீர்த்த மெழுகு மடிப்புக்குள் ஊறட்டும். பிறகு கெட்டியானதை அடி. போனில் மாட்டும் குழாய் கேமராவை விட்டு, விட்டுப்போன இடங்களைப் பார். மெழுகிலுள்ள கரைப்பானின் ஆவி தீப்பிடிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது; மாஸ்க் போடு, கதவுகளைத் திறந்து வை, பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது.

கதவைத் தனியாகச் சொல்கிறேன். கண்ணாடி ஓரத்து ரப்பர் வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அடியிலுள்ள சிறு ஓட்டைகள் வழியாக அது வெளியேற வேண்டும். பட்டி பார்க்கும்போதும் அண்டர்கோட் அடிக்கும்போதும் நம் ஆட்கள் முதலில் அடைப்பது அந்த ஓட்டைகளைத்தான். வெளித்தகடு மடங்கி உள்தகட்டைக் கவ்வும் கீழ் மடிப்பில் தண்ணீர் நின்றுவிட்டால் அடுத்த மழைக்காலங்களில் கதவின் அடி உதிரும். மெழுகு இறுகிய பின் ஒவ்வோர் ஓட்டையிலும் கம்பி விட்டுப் பார். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது முழுதும் வடிகிறதா என்றும் பார்.

உரிமையாளர் பளபளப்புக்குப் பணம் தருவார், உள்மெழுகுக்குத் தயங்குவார். அதை ரசீதில் தனி வரியாக எழுது. உள்ளே எடுத்த படங்களையும் சேர்த்துக் கொடு. சில வருடத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும் என்றும் சொல். எவ்வளவு சொல்லியும் அவர் மறுத்தால், அந்த வண்டிக்குப் பெயின்ட் அடிக்க ஒப்புக்கொள்ளாதே. உள்ளே காக்கப்படாத பாடியின் மேல் அடிக்கும் பெயின்ட் ஏமாற்று வேலை. உன் பெயரில் அப்படி ஒரு வண்டி ரோட்டில் ஓட வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்