தங்கப் பீப்பாய்க் கள்ளி: தாகத்தைவிட ஈரமே எதிரி

மெக்சிகோவின் கெரெத்தாரோ, இடால்கோ மலைச்சரிவுகள்தான் இந்த உருண்டைக் கள்ளியின் தாய்வீடு. 1990களில் அங்கே கட்டிய சிமாப்பான் அணையின் நீரில் அதன் வாழிடத்தில் பெரும்பகுதி மூழ்கிவிட்டது. அதனாலேயே நம் ஜன்னலோரத்தில் இருக்கும் ஒரு கள்ளியையும் அருமையாகப் பார்த்துக்கொள்ளத் தோன்றுகிறது.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் தவறுகிறார்கள். நாள் கணக்கு வைத்து ஊற்ற வேண்டாம். ஒரு குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுங்கள். மண் ஒட்டாமல் வந்தால் மட்டும், அடித்துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். மழை, குளிர் மாதங்களில் இன்னும் குறையுங்கள். அடிப்பகுதி பழுப்பேறி மெத்தென்று ஆனால் வேர் அழுகுகிறது என்று பொருள்.

மண்ணில் பாதியாவது பெருமணலோ செங்கல் பொடிக்கல்லோ இருக்கட்டும். மண்தொட்டியே நல்லது.

நல்ல வெயில் படும் ஜன்னல் வேண்டும். நிழலில் இருந்ததைத் திடீரென வெயிலில் வைத்தால் தோல் வெந்துவிடும். சில வாரங்களில் படிப்படியாகப் பழக்குங்கள்.

தொட்டி மாற்றும்போது செய்தித்தாளைப் பட்டையாக மடித்துச் சுற்றித் தூக்குங்கள். ஒரு வாரம் கழித்தே தண்ணீர்.

வளரவில்லையே என்று உரம் கொட்டாதீர்கள். உச்சியில் மஞ்சள் பூ வரப் பல ஆண்டுகள் ஆகும். வீட்டுக்குள் பூக்காமலே இருக்கலாம்.