கைப்பேசியில் தமிழ் எப்படித் தெரிகிறது?



கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் தேவார வகுப்புக்குக் கொமுட்டர் ரயிலில் போய்வந்த காலம் அது. என்னிடம் இருந்தது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. போகும் வழியில் அன்றைய பதிகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இணையத்தைத் திறந்தால், வரிக்கு வரி வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன.

"என்னண்ணே, போன் கெட்டுப் போச்சா?" என்று வகுப்பு அண்ணனிடம் கேட்டேன்.

"போன் நல்லாத்தான் இருக்கு தம்பி. அதுக்குத் தமிழ் வரையத் தெரியல, அவ்வளவுதான்."

அந்தப் பதிலில்தான் இன்றைய பாடம் இருக்கிறது.

நாம் முகவரியைத் தட்டியதும் உலாவி அந்தப் பெயருக்குரிய எண்ணைக் கண்டுபிடித்து, அந்தக் கணினியிடம் பக்கத்தைக் கேட்கிறது. வருவது படமல்ல, எழுத்துகளும், அவற்றை எப்படி அடுக்குவது என்ற குறிப்புகளும்தான். அவற்றைப் படித்துப் பக்கத்தை வரைவது உலாவியின் வேலை.

எழுத்துகளும் எண்களாகத்தான் வருகின்றன. யூனிகோடில் 'க' என்பதற்கு எண் 2965. 'கோ' என்றால் 2965, அடுத்து ஓகாரக் குறிக்கு 3019. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பைக் 'க'வுக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் வரும். எழுத்துரு இருந்தும் சேர்க்கத் தெரியாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

அண்ணன் ஒரு வழி காட்டினார். 2006இல் உலகெங்கும் வெளியான ஓப்பரா மினி உலாவி, பக்கத்தை நேராகக் கைப்பேசிக்குக் கொண்டுவராது. நடுவிலிருக்கும் தன் சர்வர் அதை வாங்கிச் சுருக்கி அனுப்பும். அமைப்புப் பக்கத்தில் ஒன்றை மாற்றிவிட்டால், தமிழ் எழுத்துகளை அந்தச் சர்வரே படமாக வரைந்து கொடுத்துவிடும். அன்று ரயிலில் முதன்முதலாகப் பதிகத்தை முழுதாகப் படித்தேன். ஓர் ஓதுவார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது!

ஆனால் இதில் இரண்டு பாடங்கள் உண்டு.

முதலாவது, நடுவில் இருப்பவர் எல்லாவற்றையும் பார்க்க முடியும். அந்த முறையில் வங்கிக் கடவுச்சொல்லும் நடுச் சர்வரில் பிரிக்கப்பட்டுத்தான் போகும். இன்றைய உலாவிகளில் பாதுகாப்பான இணைப்பு என்று காட்டினால், வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்று பொருள். எதிர்முனையில் இருப்பவர் நல்லவர் என்று பொருளல்ல. கோவில் திருப்பணி நன்கொடை என்று இணைப்பு வந்தால், முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கோவில் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டாவது, படமாக வந்த எழுத்தை எளிதில் தேட முடியாது, நகலெடுக்க முடியாது. இன்றைய கைப்பேசிகளுக்குத் தமிழ் வரையத் தெரியும். தமிழில் தட்டுவதற்கு நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005லேயே வந்துவிட்டது. இருந்தும் நாம் கோவில் அறிவிப்பையும் பதிகத்தையும் படமெடுத்துத்தானே வாட்ஸ்ஆப்பில் அனுப்புகிறோம்? கண் மங்கிய பாட்டிக்குக் கைப்பேசி அதை வாசித்துக் காட்டுவது சிரமம். அடுத்த ஆண்டு தேடினாலும் எளிதில் அகப்படாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வார வகுப்புப் பதிகத்தைப் படமெடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பாடலாகத் தமிழில் தட்டி, பிழை பார்த்து அனுப்புங்கள். அன்று நான் பார்த்த கட்டங்களை நம் தம்பி தங்கைகள் பார்க்க வேண்டாம்.