தாமதித்து அழுத குழந்தை

பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் தகப்பனார் காத்திருப்பது ஓர் ஓசைக்குத்தான். அவ்வழுகை சற்றுத் தாமதித்து வந்தாலும், “அழுதுவிட்டதல்லவா, இனி ஒன்றுமில்லை” என்று நம்மவர் கடைக்குத் திரும்பிவிடுகின்றனர். உண்மையில் கவனிக்கவேண்டிய நேரம் அதற்குப் பிறகே தொடங்குகிறது.

பிராணவாயு குறைந்தால் எளிதில் சேதமடைவது மூளை. அமெரிக்க வைத்தியரான வர்ஜீனியா அப்கார் அம்மையார் 1953இல் ஒரு மதிப்பீட்டு முறையை வெளியிட்டார். இருதயத் துடிப்பு, மூச்சு, தசையின் உறுதி, தூண்டினால் காட்டும் அசைவு, மேனியின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா இரண்டாக மொத்தம் பத்து மதிப்பெண். பிறந்த முதல் நிமிஷத்திலும் ஐந்தாம் நிமிஷத்திலும் இதைக் குறிப்பார்கள். இது அந்த நேரத்து இருப்புக் கணக்கு மாத்திரமே. வருஷக் கடைசியின் லாபநஷ்டத்தை இதைக்கொண்டு சொல்ல முடியாது. குறைந்த மதிப்பெண் பெற்ற குழந்தைகளில் பலர் நன்றாகவே வளர்கின்றனர்.

ஆகவே வைத்தியர் குழந்தையை மறுபடியும் மறுபடியும் பரிசோதிப்பார். 1976இல் சார்னாட் தம்பதியர் வகுத்த மூன்று படிகள் இதற்கு உதவுகின்றன. முதற்படியில் குழந்தை அளவுக்கு மீறி விழித்திருந்து, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடும். இரண்டாவதில் சோர்ந்து துவளும், பால் சப்பும் வலு குன்றும், வலிப்பும் வரலாம். மூன்றாவதில் நினைவிழந்து கிடக்கும்.

இதில் அவசரம் ஏன்? மூச்சு திரும்பிய பின்னும் மூளையின் சேதம் சில மணி நேரம் கழித்து மீண்டும் பெருகக்கூடும். நிறைமாதக் குழந்தைக்கு இரண்டாம் அல்லது மூன்றாம் படி என்று கண்டால், 6 மணி நேரத்துக்குள் உடல் வெப்பத்தை 33 அல்லது 34 டிகிரிக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருக்கும் சிகிச்சை உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே செய்யத்தக்கது இது; வீட்டில் குழந்தையைக் குளிரவிடுவது ஆபத்து. இந்தியா, இலங்கை, வங்காள தேச ஆஸ்பத்திரிகளில் நடந்து 2021இல் வெளியான ஆராய்ச்சியில், இச்சிகிச்சையால் பயன் கிட்டவில்லை, மரணமும் அதிகமாயிற்று. ஓர் ஊரில் செல்லும் சரக்கு எல்லா ஊரிலும் செல்லுவதில்லை.

வீடு வந்த பின்னும் ஒரு பரிசோதனை பாக்கி. மூன்று மாத அளவில் மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால்களில் சின்னஞ்சிறு அசைவுகள் ஓயாது ஓடிக்கொண்டிருக்கும். பிரெக்டெல் என்ற வைத்தியர் இவற்றை நுட்பமாக ஆராய்ந்தார். இவ்வசைவுகள் அறவே காணப்படாவிடில், பிற்காலத்தில் கைகால் இயக்கம் பாதிக்கப்படக்கூடும் என்பதற்கு அது வலுவான அறிகுறி. பயிற்சியை அப்போதே ஆரம்பிக்கலாம். நடை வரவில்லையே என்று இரண்டு வயதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. குழந்தை விழித்து, அழாமல் கிடக்கும்போது சில நிமிஷம் படம் பிடித்து, பழகிய வைத்தியரிடம் காட்டினால் போதும்.