வாக்கர்டன் நகரின் குடிநீர்ப் பதிவேடு

ஊராருக்குக் குடிநீர் வழங்கும் பொறுப்பை ஏற்ற எந்த ஸ்தல ஸ்தாபனமும் இருவகைக் கணக்குகளை வைத்துவர வேண்டியிருக்கிறது. ஒன்று பணத்தைப் பற்றியது. மற்றொன்று தண்ணீரைப் பற்றியது. பணக் கணக்கைத் தணிக்கை செய்ய ஆண்டுதோறும் ஆள் வருகிறார். தண்ணீர்க் கணக்கைப் பொறுமையுடன் புரட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வாறு பாராது விட்டமையால் ஒரு சிறு நகரம் அடைந்த கேட்டினை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறேன். நிகழ்ச்சி கனடா தேசத்தைச் சேர்ந்தது. எனினும் அதில் உழவர் வருகிறார், எரு வருகிறது, தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுவும் வருகிறது. ஆகவே நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

ஆன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்றோர் ஊர் உள்ளது. 2000-ஆம் ஆண்டில் அதன் ஜனத்தொகை ஏறத்தாழ 4,800. சுற்றிலும் விளைநிலங்களும் மாட்டுப் பண்ணைகளும். ஊரின் தண்ணீர் விநியோகம் ஒரு பொதுப் பயன்பாட்டுக் குழுவின் வசம் இருந்தது. அக்குழுவின் கீழ் ஒரு மானேஜரும், அவருடைய உடன்பிறந்தவரான ஒரு போர்மனும் வேலை பார்த்து வந்தனர். தண்ணீர் மூன்று கிணறுகளிலிருந்து இறைக்கப்பட்டது. அவற்றுள் 5-ஆம் எண் கிணறு 1978-இல் அமைக்கப்பட்டது. அதன் ஆழம் மிகக் குறைவு; தரைமட்டத்திலிருந்து 5 முதல் 8 மீட்டருக்குள் இருந்த பாறை வெடிப்புகளிலிருந்தே அதற்கு நீர் சுரந்தது. மேலே மழை பெய்தால் மேற்பரப்பு நீர் அதனுள் இறங்கக்கூடும் என்பதற்கான அறிகுறிகள் கிணறு அமைத்த நாளிலேயே தென்பட்டன. மாகாண சர்க்காரின் சுற்றுச்சூழல் இலாகாவோ யாதொரு நிபந்தனையும் விதியாமல் அனுமதி வழங்கிவிட்டது. பின்னர் அந்த விவரங்கள் கோப்பில் உறங்கின.

இத்தகைய கிணற்று நீருக்குக் காவல் குளோரின் மருந்தே. அது வேலை செய்யும் முறையைச் சற்று விளக்க வேண்டும். தண்ணீரில் மருந்தைக் கலந்தவுடன் அதில் ஒரு பகுதி, நீரிலுள்ள அழுக்கையும் கிருமிகளையும் தாக்குவதில் செலவாகிவிடும். செலவானது போக நிற்பதே எஞ்சிய குளோரின். வாக்கர்டனுக்கு விதிக்கப்பட்ட அளவு, 15 நிமிஷ நேரம் கழிந்த பின்னும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்பது. இந்த எச்சம் ஒரு காவற்காரனைப் போன்றது. நீரில் அழுக்கு மிகுந்த நாளில் மருந்து அதிகம் செலவாகி எச்சம் சட்டென்று தாழும். அளந்து பார்ப்பவர் உடனே ஆபத்தை உணர்ந்துகொள்ளலாம். ஆனால் அளந்து பார்த்தால்தான்.

வாக்கர்டனில் அவ்வாறு அளக்கவில்லை. பல ஆண்டுக் காலம் தினசரிச் சீட்டில் 0.5 என்றோ 0.75 என்றோ எழுதிவந்தார்கள். மருந்தும் விதித்த அளவில் இடப்படவில்லை. பரிசோதனைக்கு அனுப்பும் நீர்ப் புட்டிகளிலும், எடுத்த இடம் ஒன்றாயிருக்க, வேறோர் இடத்தின் பெயரை எழுதி ஒட்டினார்கள். இவர்கள் ஊருக்குக் கேடு நினைத்தவர்கள் அல்லர். அந்தக் கிணற்று நீர் நல்ல நீர் என்றே நம்பினர். மருந்திடாத நீரைத் தாமும் குடித்து வந்தனர். மருந்து நாற்றமடிக்கிறது என்று ஊராரும் அவ்வப்போது குறை கூறினர். கேட்டினைச் செய்ய வேண்டுமென்ற எண்ணமே இல்லாத மனிதரால் எவ்வளவு பெருங்கேடு விளையக்கூடும் என்பதை இங்கே காண்கிறோம்.

பதிவேடுகளைப் பார்வையிடுவதே என் ஜீவனம். ஒரு சங்கத்தின் சாயக் கிடங்கில், மாதம் முழுவதற்கும் இருப்புச் சீட்டு ஒரே பேனாவால், ஒரே அமர்வில், அடித்தல் திருத்தல் ஒன்றுமின்றி எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். அதைச் சுத்தமான கணக்கு என்று முதலில் மெச்சியவனும் நானே. கிடங்கைத் திறந்து நிறுத்துப் பார்த்த பிறகே உண்மை புலப்பட்டது. இயற்கையான அளவுகள் நாளுக்கு நாள் ஏறும், இறங்கும். நாள் தவறாமல் ஒரே எண் வருமாயின் அந்த எண்ணையே முதலில் சந்தேகிக்க வேண்டும். வாக்கர்டனின் சீட்டுகள் அத்தகையவை. சுற்றுச்சூழல் இலாகாவின் பரிசோதகர்கள் 1991, 1995, 1998 ஆகிய மூன்று ஆண்டுகளில் வந்து பார்வையிட்டும் 5-ஆம் எண் கிணற்றின் பழைய கோப்பைப் புரட்டவில்லை. சீட்டுகளின் ஒரே சீரான எண்களும் அவர்கள் கண்ணில் உறுத்தவில்லை. 1998-இல் வந்தவர் எச்சம் குறைந்திருப்பதையும், நீரில் கிருமிகள் தென்பட்டதையும் எழுதி அனுப்பினார். அந்த அறிக்கை குழு அங்கத்தினர்களின் கைக்கும் வந்தது. அவர்கள், மானேஜர் கவனித்துக்கொள்வார் என்று இருந்துவிட்டனர். வரவு செலவுத் திட்டத்தையும் கட்டண விகிதத்தையும் ஆராயவே அவர்களுக்குப் பொழுது சரியாயிருந்தது. இலாகாவும் மறுமுறை வந்து பார்க்கவில்லை.

2000-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி முதல் 12-ஆம் தேதி வரை 134 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 5-ஆம் எண் கிணற்றின் அருகேயிருந்த பண்ணையில் ஏப்ரல் மாத இறுதியில் மாட்டெரு இடப்பட்டிருந்தது. மழைநீர் எருவிலிருந்த கிருமிகளைச் சுமந்து பாறை வெடிப்புகளின் வழியே கிணற்றினுள் இறங்கியது. அவற்றுள் கொடியது ஈ.கோலை இனத்தின் ஓ157 என்னும் வகை. போதிய மருந்து இல்லாத நீர் ஊர் முழுவதும் குழாய்களில் ஓடியது. போதாக்குறைக்கு, 15-ஆம் தேதி முதல் 19-ஆம் தேதி வரை 7-ஆம் எண் கிணறு மருந்திடும் கருவியே இல்லாமல் ஓட்டப்பட்டது.

17-ஆம் தேதி தனியார் ரசாயனசாலையிலிருந்து மானேஜருக்குப் பரிசோதனை முடிவு வந்தது: நீரில் கிருமி உண்டு. அச்சாலை சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்கவில்லை. தெரிவிக்க வேண்டுமென்ற கட்டாயச் சட்டமும் அப்போது இல்லை. 1996 வரை சர்க்கார் ரசாயனசாலைகளே இப்பரிசோதனைகளைச் செய்து வந்தன. அப்பணி தனியாரிடம் சென்றபோது, தீய முடிவை யாருக்கு அறிவிப்பது என்ற விதியை உறுதியாக்க மறந்துபோயினர். 18-ஆம் தேதி இரு குழந்தைகள் இரத்தக் கழிச்சலுடன் ஆஸ்பத்திரியில் சேர்ந்தனர். ஐயுற்ற சுகாதார அதிகாரிகள் 19, 20 தேதிகளில் மானேஜரைக் கேட்டபோதெல்லாம், தண்ணீரில் குறையில்லை என்ற பதிலே கிடைத்தது. அதே சமயம் அவர் குழாய்களை அலசி, மருந்தை மிகுதியாகக் கலந்துகொண்டிருந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் காய்ச்சிக் குடிக்கும்படி ஊருக்கு 19-ஆம் தேதியே அறிவித்திருக்கலாம். 21-ஆம் தேதி பிற்பகல்தான், எவர் சொல்லுக்கும் காத்திராமல், சுகாதார அதிகாரி அந்த அறிவிப்பை வெளியிட்டார். வானொலியில் சொன்னதோடு நின்றமையால் பலர் செவிக்கு அது அன்று எட்டவில்லை. வீடு வீடாகச் சென்று சொல்ல ஏற்பாடு செய்திருக்க வேண்டும். பின்னர் மானேஜர் 7-ஆம் எண் கிணற்றின் சீட்டைத் திருத்தி எழுதும்படியும் போர்மனுக்குச் சொன்னார்.

ஏழு பேர் மாண்டனர். 2,300 பேருக்கு மேல் நோயுற்றனர். இருபத்தேழு பேருக்கு சிறுநீரகங்களைத் தாக்கும் கொடிய சிக்கல் ஏற்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் சிறு குழந்தைகள்.

நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையில் நடந்த விசாரணையின் முதற்பகுதி 2002 ஜனவரியில் வெளிவந்தது. அதில் நம் விவசாய அங்கத்தினர்கள் கருதத்தக்க ஒரு முடிவு உண்டு. எருவிட்ட பண்ணைக்காரர் மீது குற்றமில்லை. அவர் முறைப்படியே நடந்துகொண்டார் என்று நீதிபதி தீர்ப்புக் கூறினார். கேடு நேர்ந்த ஊரில் எருவின் சொந்தக்காரரையே முதலில் பழிப்பது மக்கள் இயல்பு. எருவுக்கு வயலே இடம். கிணற்றைக் காக்க வேண்டியவர்கள் கிணற்றுக்குப் பொறுப்பேற்றவர்கள். தொடர்ந்து எச்சத்தை அளக்கும் கருவி அக்கிணற்றில் இருந்திருந்தால் இந்த நோய் பரவாமலே தடுத்திருக்கலாம் என்றும், நாள்தோறும் கையால் அளந்திருந்தால்கூடக் கேடு வெகுவாகக் குறைந்திருக்கும் என்றும் அவர் கண்டார். சகோதரர் இருவரும் 2004-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மானேஜருக்கு ஓராண்டுச் சிறைவாசமும், போர்மனுக்கு ஒன்பது மாத வீட்டுக்காவலும் விதிக்கப்பட்டன. குழு அங்கத்தினர்கள் எவரும் சிறை செல்லவில்லை. அவர்கள் கைக்கு வந்த அறிக்கைகளை அவர்களே வாசித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

தீய பரிசோதனை முடிவை உடனே சுகாதார அதிகாரிக்கும் இலாகாவுக்கும் அறிவிக்க வேண்டும் என்பது 2000 ஆகஸ்டிலேயே கட்டாயமாக்கப்பட்டது. 2002-இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. தேர்வும் பயிற்சியும் இன்றி, பழைய அனுபவத்தின் பேரில் மட்டும் சான்றிதழ் பெற்றிருந்தவர்கள் இனி முறையாகப் பயில வேண்டியதாயிற்று. 2006-இல் நிறைவேறிய தூய நீர்ச் சட்டம் ஒருபடி மேலே சென்று, கிணற்றைச் சூழ்ந்த நிலத்தையும் காப்பின் எல்லைக்குள் கொண்டுவந்தது. அதன்படி அமைந்த வட்டாரக் குழுக்களில் நகரசபைப் பிரதிநிதிகளோடு விவசாயிகளின் பிரதிநிதிகளும் அமர்ந்து, எந்த வயலில் எருவை எப்போது இடலாம், எங்கே குவிக்கலாகாது என்பதைக் கலந்து தீர்மானிக்கிறார்கள்.