குடித்தபின் வயிற்று வலி: “கேஸ்ட்ரிக்தான்” என்று விட்டுவிடலாமா?



மது வேண்டாம் என்று நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இந்தப் பாடம் வேறு. நம் நண்பனோ அண்ணனோ குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தால் நாம் என்ன செய்ய வேண்டும்?

நடந்தது என்ன?

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மலிவு விலை மது குடித்த பலர் அடுத்தடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலர், மலேசியர்களும் இருந்தனர். காரணம் மெத்தனால். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் இதே மெத்தனால் கலந்த சாராயம்தான்.

ஏன் ஏமாந்துபோகிறோம்?

மெத்தனால் உடனே காட்டிக்கொடுக்காது. கல்லீரல் அதை மெல்ல மெல்ல ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அதற்கு 12 முதல் 24 மணி நேரம், சில வேளை அதற்கு மேலும் ஆகலாம். முதலில் வருவது வயிற்று வலி, வாந்தி, தலைவலி. “ராத்திரி குடிச்சது இன்னும் இறங்கலடா” என்று நினைத்துப் படுத்துவிடுவோம். அதற்குள் அமிலம் கண் நரம்பைத் தாக்கிவிடும். பார்வை போகும், உயிரும் போகலாம்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

1. கண் மங்குவது, மூச்சு வாங்குவது, குழப்பம், வலிப்பு: மெத்தனாலாக இருக்கலாம்.
2. மேல் வயிற்றில் தொடங்கி முதுகுவரை பரவும் கடும் வலி: கணைய அழற்சியாக இருக்கலாம்.
3. இரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம்: குடலிலோ இரைப்பையிலோ இரத்தக் கசிவு.
4. கண், தோல் மஞ்சளாவது: கல்லீரல் பாதிப்பு.
5. நிற்காத வாந்தி, எழுப்பினாலும் எழாத நிலை.

இலேசான எரிச்சல் மட்டும் என்றால் மதுவை நிறுத்துங்கள். ஓரிரு நாளில் குறையாவிட்டாலும், அடிக்கடி வந்தாலும் கிளினிக் போங்கள்.

செய்யக்கூடாதவை

ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை கொடுக்காதீர்கள்; இரைப்பையில் இரத்தம் கசியலாம். தூங்கட்டும் என்று தனியாக விடாதீர்கள். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 999 அழையுங்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். போத்தல் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். மெத்தனாலுக்கு முறிமருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு. ஆனால் நேரத்தோடு போனால்தான் பலன்.

வெட்கமா, உயிரா?

“அப்பாவுக்குத் தெரிஞ்சா அடிப்பாரு”, “கோயில்ல நாலு பேரு என்ன சொல்வாங்க” என்ற பயம் நம் வீடுகளில் உண்டு. அந்தப் பயத்தில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. புத்தி சொல்ல நாளைக்கும் நேரம் இருக்கிறது. உயிரைக் காப்பதுதான் முதல் தர்மம்.

கலந்துரையாட:

1. குடித்த நண்பனுக்கு உதவ நம்மைத் தடுப்பது எது?
2. உங்கள் வீட்டுக்கு அருகில் 24 மணி நேர அவசரப் பிரிவு எங்கே இருக்கிறது? வழி தெரியுமா?