மேல் வயல் நீரும் கீழ் வயல் வரப்பும்

ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை ஊன்றியதும் ஒன்றிய அலுவலகத்திற்குத் தவறாது வந்து சேரும் மனு ஒன்று உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் நீர் வடியும் வழியை அடைத்துவிட்டார் என்று ஒருவர் எழுதுவார். பக்கத்து நிலத்துக்காரர் தம் நீரையெல்லாம் தம் மீது தள்ளுகிறார் என்று மற்றொருவர் எழுதுவார். இரு சாராரும் வயல் மூழ்கிய பின்னரே எழுதுகின்றனர்.

காவிரிப் படுகையைச் சேர்ந்த ஓர் ஊரில் நாம் நேரிற் கண்டதைக் கூறுவோம். 2021ஆம் ஆண்டு பெருமழையின்போது, நட்டு இருபது நாட்களே ஆன சம்பாப் பயிர் மூன்று மா நிலத்தில் மூழ்கிக் கிடந்தது. அதற்குக் கீழ்ப்புறமிருந்த வயலை உடையவர், அக்கோடையில் செம்மண் கொட்டித் தம் நிலத்தை மூன்று அடி உயர்த்தித் தென்னை வைத்திருந்தார். தலைமுறை தலைமுறையாக மேல் வயல் நீர் அவர் வயலிற் பாய்ந்து, அங்கிருந்து வடிவாய்க்காலைச் சேர்ந்து வந்தது. மண் கொட்டியபோது வரப்பிலிருந்த மடையும் புதைந்துபோயிற்று. "ஐயா, என் பட்டா நிலத்தில் நான் மண் போட்டேன், இதில் கேள்வி என்ன?" என்பது அவர் வாதம். மேல் வயல்காரரோ ஒருநாள் இரவு மண்வெட்டியுடன் சென்று கரையை வெட்டிவிட்டார். இரண்டு தென்னங்கன்றுகள் சாய்ந்தன. மறுநாள் காலை நீர் வழக்கு அடிதடி வழக்காகிக் காவல் நிலையம் சென்றது. வெட்டிய வழியும் உடனே அடைக்கப்பட்டது. பயிர் அழுகியதுதான் மிச்சம்.

இத்தகராறில் சட்டம் கூறுவது தெளிவானது. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 7ஆம் பிரிவின் விளக்கத்தில், மேட்டு நிலத்தில் இயற்கையாக ஊறுகின்ற அல்லது பெய்கின்ற நீர், வரையறுத்த கால்வாயில் ஓடாததாயின், அடுத்த தாழ்ந்த நிலத்தின் வழியே இயல்பாகச் செல்ல அந்நிலத்தார் இடம்விட வேண்டும் என்கிறது. ஆகவே பட்டா இருப்பதனாலேயே நீரை மறித்துவிட இயலாது.

ஆனால் 'இயற்கையாக' என்ற சொல்லை மேட்டு நிலத்தாரும் ஊன்றிப் படித்தல் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் மிகுநீர், குளியலறைக் கழிவுநீர், தளத்து மழைநீரைத் திரட்டி ஒரே குழாயில் அடுத்தவர் சுவரோரம் விடுவது ஆகியவை இதில் அடங்கா. இன்னொன்று: இவ்வாறு விட்ட நீரை அடுத்தவர் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையெனக் கருதி இருபது ஆண்டு விட்டுவருவாராயின், 15ஆம் பிரிவின்படி அதுவே உரிமையாகிவிடக்கூடும். முகதாட்சண்ணியத்துக்காக வாளாவிருப்போர் இதனை அறிந்திருப்பது நலம். உறவு கெடலாகாது என்று இடம் கொடுப்போர், "என் அனுமதியின் பேரில் விடப்படுகிறது" என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளலாம்.

பட்டா நிலத்தில் யாருக்கு என்ன உரிமை என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் ஊராட்சிக்கு இல்லை. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. நமக்கும் அவ்வதிகாரம் இல்லை. எனினும் ஊராட்சி செய்யக்கூடியது சிறிதன்று. முதலில், கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தைப் பார்த்தல் வேண்டும். வடிகால் புறம்போக்காகப் பதிவாகியிருந்தால் அது தனியார் தகராறே அன்று. ஆக்கிரமிப்பை அகற்ற வட்டாட்சியருக்கு எழுதலாம். படத்தில் இல்லையெனில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே உறுப்பினர்கள் குடையுடன் வயலுக்குச் செல்லவேண்டும். நீர் எங்கிருந்து வந்து எங்கே தேங்குகிறது என்பதை வெயிற்காலத்தில் பத்துச் சாட்சிகள் சொன்னாலும் விளங்காது. கொத்தனார் கையிலுள்ள டியூப் மட்டத்தை வைத்துப் பார்த்தால், மேடு எது பள்ளம் எது என்பதில் சண்டைக்கு இடமிராது. சமநிலமான படுகைப் பகுதியில் கண்ணுக்கு மேடாகத் தோன்றுவது பல சமயம் பள்ளமாக இருக்கிறது!

வெள்ளம் தாங்கும் விதை உள்ளதே, வடிகாலுக்கு ஏன் மன்றாட வேண்டும் என்பாரும் உளர். சி.ஆர். 1009 சப் 1 போன்ற நெல் மூழ்கிய நிலையில் இரண்டு வாரம் வரை தாங்கும் என்பது மெய்யே. அடுத்து விதைக்கும் உளுந்து தாங்குமா?

மேற்சொன்ன ஊரில் மூன்று முறை கூடிப் பேசிய பிறகு ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. தென்னந்தோப்புக்காரர் தம் வரப்போரமாக இரண்டடி அகலம் விட்டார். அவர் வண்டிப்பாதை குறுக்கிடும் இடத்தில் புதைக்கச் சிமெண்டுக் குழாய் வாங்கும் செலவை மேல் வயல்காரர் ஏற்றார். சாய்ந்த கன்றுகளுக்கும் அவரே விலை கொடுத்தார். வாய்மொழியோடு விடாமல் பத்திரம் எழுதிப் பதிவும் செய்துகொண்டனர். நிலம் கைமாறினாலும் வழி மாறாது. குழாயை முதலில் சிறியதாகப் போட்டுவிட்டுச் சருகு அடைத்ததும் பெரியதாக மாற்றியது தனிக்கதை.

அவ்விருவரும் இன்றும் பேசிக்கொள்வதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் புரட்டாசி முதல் வாரத்தில், ஒருவர் இந்த முனையிலிருந்தும் மற்றவர் அந்த முனையிலிருந்தும் அவ்வடிகாலைத் தூர் வாரிக்கொண்டு வருகின்றனர்.