நிழற்படத்தில் வெயில்: திருத்தமும் திரிபும்

ஒளிப்படம் என்றும் நிழற்படம் என்றும் ஒரே கலைக்கு இரு பெயர் வழங்குவது தமிழின் பேறு. ஒளியும் நிழலும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்றலே அக்கலையின் அடிப்படை என்பதை அவ்விரு பெயர்களும் சேர்ந்து உணர்த்துகின்றன. நம் பாலாற்றங்கரையில் இதனைக் கைக்கொள்வது எளிதன்று. இராணிப்பேட்டைக்கும் ஆர்க்காட்டுக்கும் இடையே பெரும்பாலும் நீரின்றிக் கிடக்கும் ஆற்றுமணல் சித்திரை வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். தில்லி வாயிலின் வளைவுக்குள்ளோ இருள் மண்டிக் கிடக்கும். நம் கண் மாறிமாறிப் பழகி இரண்டையும் கண்டுகொள்கிறது. ஒளிப்படக் கருவிக்கு அப்பழக்கம் இல்லை. 11ஆம் நூற்றாண்டில் ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் ஒளியியல் நூலை இயற்றிய இப்னுல் ஹைதம், வலிய ஒளி கண்ணை வருத்துவதையே தம் ஆய்வின் தொடக்கச் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டார் என்பது ஈண்டு நினையத்தக்கது.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராயிருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் தஞ்சை, மதுரை முதலிய ஊர்களைப் படமெடுத்தார். அன்றைய மெழுகுத்தாள் நெகட்டிவ் நீலத்தை மிகுதியாகவும் பச்சையைக் குறைவாகவும் ஏற்கும் இயல்பினது. ஆகவே வானம் வெறும் வெள்ளையாகவும் மரங்கள் கருந்திரளாகவும் பதிந்தன. டிரைப் நெகட்டிவின்மீதே வண்ணம் தீட்டி வானில் மேகங்களை அமைத்தார். இலைகளுக்கும் வடிவு கொடுத்தார். கணிப்பொறி வந்தபின்பே படத்தைத் திருத்துகிறார்கள் என்று குறைகூறுவோர் இதனை அறிதல் நன்று. அவர் தீட்டிய மேகம் அன்று வானில் இருந்ததா என்பது வேறு வினா.

இன்றைய கருவியில் ஜேபெக் கோப்பு ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 ஒளிப்படிகளையே கொண்டது. 14 பிட் ரா கோப்போ 16,384 படிகளைக் கொள்ளும். ஆதலின் திருத்த எண்ணுவோர் ரா கோப்பாகவே பதிவு செய்தல் வேண்டும். மணல் உச்சப்படியைத் தாண்டி முற்றும் வெளுத்துவிட்டால், அதன் அலைவரிகளை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. நிழலில் ஏதேனும் எஞ்சியிருக்கும். ஆகவே மணலின் ஒளியை அளந்து, சற்றே இருட்டாக எடுப்பதே முறை. பின்னர் ஒளிமிகு பகுதியைத் தணித்து, நிழற்பகுதிக்கு அளவாக ஒளியூட்டலாம். அளவு மீறினால் நிழலில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தோன்றும். நண்பகலும் மூட்டமான மாலைபோல் ஆகிவிடும். தில்லி வாயிலின் உட்சுவர் இருப்பது தெரிந்தால் போதும், அது பளிச்சிட வேண்டுவதில்லை.

இவ்வாறு ஒளியைச் சமன்செய்த படம் சற்று வெளிறித் தோன்றும். உடனே வண்ணத்தைக் கூட்டக் கை தானே செல்லும். நம் பகுதியினர் எச்சரிக்கை கொள்ள வேண்டிய இடம் இதுவே. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தையும் கெடுத்தது பற்றிய வழக்கில் உச்சநீதிமன்றம் 28.8.1996 அன்று தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்னும் நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. இத்தகைய மண்ணின் படத்தில் பசுமையைக் கூட்டுவது, உப்புப் பூத்த வயலை விளைநிலமாகக் காட்டும் பொய். கருமையைக் கூட்டித் தெளிந்த நீரைச் சாக்கடையாகக் காட்டுவதும் பொய்யே. அத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் இப்பகுதியில் பல.

திருத்தாத ரா கோப்பை அழிக்காது வைத்து, செய்த மாற்றங்களை வரிசையாகக் குறித்துக்கொள்ளுமாறு மாணவர்க்கு நாம் கூறுவது இதனாலேயே. ஐயுற்று வினவுவோர்முன் இரு படங்களையும் அருகருகே வைத்துவிடலாம்.